ஃபிசிக்: மருந்துக்கு ஆங்கிலத்தில் இருந்த பழைய பெயர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஆங்கில நாடகம், நாவல், சமையல் குறிப்பு, கப்பல் நாட்குறிப்பு என்று எதைப் புரட்டினாலும் எங்காவது ஓரிடத்தில் 'ஃபிசிக்' என்ற சொல் எட்டிப்பார்க்கும். 'பிசிக்ஸ்' என்று இருக்க வேண்டியது, கடைசி எழுத்து விட்டுப்போயிற்று என்று நினைத்துத் தாண்டிப்போகிறவர்கள் உண்டு. அது அச்சுப்பிழை அல்ல. சுமார் 600 வருஷம் ஆங்கிலேயர்கள் வைத்தியத்தை அந்தப் பெயரில்தான் அழைத்தார்கள். ஆங்கில இலக்கிய மாணவர்களும் மொழிபெயர்ப்பவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில்.

ஃபிசிக் என்றால் என்ன பொருள்?

மூன்று பொருள். முதலாவது, வைத்தியம் என்ற கலை, அந்தத் தொழில். இரண்டாவது, வைத்தியர் கொடுக்கும் மருந்து. மூன்றாவது, மருந்துகளிலும் குறிப்பாகப் பேதி மருந்து. 1755-இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதி இம்மூன்றையும் இதே வரிசையில்தான் தருகிறது. மூன்றாவதை மட்டும் 'பேச்சு வழக்கில்' என்று கொஞ்சம் ஒதுக்கி வைக்கிறது. சொல் இறங்கிவந்த படிகளும் இவைதான்: பல்கலைக்கழகத்தில் தொடங்கியது, மருந்துச் சீசாவுக்குள் போனது, கடைசியில் கொல்லைப்புறத்துக்கு வந்து சேர்ந்தது.

வினைச்சொல்லாகவும் வரும். ஒருவருக்கு மருந்து கொடுப்பது, பேதிக்குக் கொடுப்பது என்று அர்த்தம்.

உச்சரிப்பு? பழைய அச்சில் கடைசியில் ஒரு 'கே' இருக்கிறதே?

முதல் அசையில் அழுத்தம். நடுவில் வருவது 'பிசிக்ஸ்' என்பதில் வரும் அதே இசட் ஒலி. 17, 18-ஆம் நூற்றாண்டுப் புத்தகங்களில் கடைசியில் 'கே' ஒட்டியிருக்கும். மியூசிக், பப்ளிக் ஆகிய சொற்களுக்கும் அன்று அந்த வால் உண்டு. ஜான்சன் அதை விடவில்லை. அமெரிக்காவில் அகராதிக்காரர் நோவா வெப்ஸ்டர் வெட்டிவிட்டார். இங்கிலாந்திலும் மெல்ல உதிர்ந்தது. வினைச்சொல்லின் இறந்தகாலம் போன்ற வடிவங்களில் மட்டும் அந்தக் 'கே' இன்றும் திரும்பி வந்துவிடும்.

சொல் எங்கிருந்து வந்தது?

கிரேக்கத்தில் 'ஃபுசிஸ்' என்றால் இயற்கை. முளைப்பது, வளர்வது, உண்டாவது என்ற பொருளுள்ள வினையிலிருந்து பிறந்த சொல் அது. இயற்கையைப் பற்றிய அறிவு 'ஃபுசிகே'. லத்தீனுக்குப் போனபோது 'ஃபிசிகா' ஆயிற்று. பழைய பிரெஞ்சு வழியாக 13-ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. அப்போது காதில் விழுந்தபடி 'எஃப்' போட்டே எழுதினார்கள். கிரேக்க மூலத்தை நினைவூட்டும் 'பிஎச்' எழுத்துக்கூட்டு படித்தவர்கள் பின்னால் நிலைநிறுத்தியது.

அதற்கு முன் ஆங்கிலத்தில் வைத்தியருக்கு 'லீச்' என்று பெயர். அட்டைப்பூச்சிக்கும் அதே பெயர்தான். அட்டை விட்டு ரத்தம் எடுத்ததால் வைத்தியருக்கு அந்தப் பெயர் வந்தது என்று பலர் சொல்வார்கள். இரண்டும் வெவ்வேறு வேரிலிருந்து வந்து பின்னால் ஒன்றாகக் கலந்திருக்கவும் கூடும்.

இயற்கை என்ற சொல் எப்படி மருத்துவம் ஆனது?

இந்தப் பக்கத்திலேயே ருசியான கேள்வி இதுதான்.

கிரேக்க வைத்தியர்களின் பெரிய துணிச்சல், நோய்க்குத் தெய்வக் கோபத்தைக் காரணம் சொல்ல மறுத்தது. ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் நூல்களில் ஒன்று வலிப்பு நோயை எடுத்துக்கொள்கிறது. அன்று அதற்குப் 'புனித நோய்' என்று பெயர். மற்ற நோய்களுக்கு இருப்பது போலவே இதற்கும் இயற்கையான காரணம் இருக்கிறது, இதில் புனிதம் ஒன்றும் இல்லை என்று அந்த நூல் வாதிடுகிறது. உடம்பும் இயற்கையின் ஒரு பகுதி என்றால், இயற்கையை அறிந்தவனே உடம்பையும் அறிவான். இயற்கைத் தத்துவவாதி முடிக்கிற இடத்தில் வைத்தியன் தொடங்குகிறான் என்று அரிஸ்டாட்டிலின் கருத்திலிருந்து எடுத்த ஒரு லத்தீன் பழமொழியே இடைக்கால ஐரோப்பாவில் புழங்கியது.

ஆனால் கருத்து ஒன்று, பெயர் மாறுவது வேறு. பெயர் மாறியதற்கு இத்தாலியின் தெற்கிலிருந்த சலேர்னோவைப் பார்க்க வேண்டும். 11, 12-ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவின் புகழ்பெற்ற மருத்துவப் பள்ளி அங்கே இருந்தது. அரபு மொழியிலிருந்து லத்தீனுக்கு மருத்துவ நூல்கள் வந்து குவிந்த காலம் அது. வைத்தியருக்கு லத்தீனில் 'மெடிகஸ்' என்ற பெயர் ஏற்கெனவே இருந்தது. கைப்பழக்கத்தில் வைத்தியம் பார்க்கிற எல்லோரும் மெடிகஸ்தான். ஏட்டைப் படித்து, நோயின் காரணத்தை இயற்கைத் தத்துவத்திலிருந்து விளக்கத் தெரிந்தவர்கள் தங்களை 'ஃபிசிகஸ்' என்று சொல்லிக்கொள்ளத் தொடங்கினார்கள். என்னைக் கேட்டால், இது முழுக்க முழுக்க அந்தஸ்துக்காகப் போட்டுக்கொண்ட பட்டம். 'நான் பச்சிலை அரைக்கிறவன் இல்லை, தத்துவம் படித்தவன்' என்று அறிவிக்கிற பட்டம்.

அது நன்றாகவே ஒட்டிக்கொண்டது. 1163-இல் பிரான்ஸின் தூர் நகரில் கூடிய திருச்சபைப் பேரவை, துறவிகள் மடத்தை விட்டுப் போய் 'ஃபிசிகா'வும் உலகியல் சட்டமும் படிப்பதைத் தடை செய்தது. அங்கே ஃபிசிகா என்றது மருத்துவத்தைத்தான். இரண்டும் காசு வருகிற படிப்பு. துறவிகள் அந்தப் பக்கம் சாய்ந்ததில் ஆச்சரியம் இல்லை.

'ஃபிசிஷியன்' இதிலிருந்து வந்ததுதானா? சர்ஜனுக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்?

ஆமாம். ஃபிசிக் பார்க்கிறவர் ஃபிசிஷியன். இந்தச் சொல் யாரை உள்ளே விட்டது, யாரை வெளியே நிறுத்தியது என்று பார்த்தால்தான் அதன் கனம் புரியும்.

இங்கிலாந்தில் மருத்துவம் மூன்று அடுக்காக இருந்தது. மேலடுக்கில் ஃபிசிஷியன். லத்தீன் படித்தவர், நாடி பார்ப்பார், குடுவையில் சிறுநீரை ஏந்தி நிறம் பார்ப்பார், மருந்து எழுதிக் கொடுப்பார். கத்தியைத் தொட மாட்டார். 1518-இல் தாமஸ் லினாக்கர் முதலியவர்களின் முயற்சியில் எட்டாம் ஹென்றி கொடுத்த சாசனத்தால் லண்டனில் இவர்களுக்கென்று ஒரு கல்லூரி உண்டானது. இன்றைய ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் அதுதான்.

அடுத்த அடுக்கில் சர்ஜன். கட்டி அறுப்பது, எலும்பு கட்டுவது, கால் வெட்டுவது அவர் வேலை. 1540 முதல் 1745 வரை லண்டனில் சர்ஜனும் முடிதிருத்துபவரும் ஒரே சங்கம். பட்டம் பெற்ற 'டாக்டர்' அல்ல என்பதால் அவரை 'மிஸ்டர்' என்றே அழைத்தார்கள். பிரிட்டனில் இன்றும் அறுவை மருத்துவர்கள் 'மிஸ்டர்', 'மிஸ்' என்றே தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். இழிவாக இருந்தது இப்போது பெருமை.

கீழடுக்கில் அப்போதிக்கரி. மருந்து இடித்து, கலக்கி, விற்பவர். மளிகை வணிகர் சங்கத்திலிருந்து பிரிந்து 1617-இல் தனிச் சங்கம் அமைத்தார்கள். ஃபிசிஷியனுக்குக் காசு கொடுக்க முடியாத ஜனங்கள் நேரே அப்போதிக்கரியிடம் போனார்கள்; அவரும் மருந்தோடு ஆலோசனையும் கொடுத்தார். வில்லியம் ரோஸ் என்ற அப்போதிக்கரி மேல் ஃபிசிஷியன்களின் கல்லூரி வழக்குப் போட்டது. 1704-இல் பிரபுக்கள் சபை ரோஸ் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதிலிருந்து அப்போதிக்கரிகளும் வெளிப்படையாக வைத்தியம் பார்த்தார்கள். 'அப்போதிக்கரி' என்ற சொல் இலங்கைத் தமிழர்களுக்குப் புதிதல்ல. தோட்ட ஆஸ்பத்திரிகளிலும் கிராமத்து மருந்தகங்களிலும் பிரிட்டிஷ் காலம் முதல் வழங்கிய பதவிப்பெயர் அது.

ஃபிசிஷியனின் காசு ஆசை பழைய கேலிப் பொருள். 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சாசர் எழுதிய 'கான்டர்பரி கதைகள்' முன்னுரையில் யாத்திரை போகும் கூட்டத்தில் ஒரு ஃபிசிக் டாக்டரும் இருக்கிறார். கிரகநிலை பார்த்து வைத்தியம் செய்பவர். பைபிளை அதிகம் படிக்காதவர். கொள்ளைநோய்க் காலத்தில் சம்பாதித்ததைச் செலவழிக்காமல் வைத்திருப்பவர். ஃபிசிக்கில் தங்கம் இதயத்துக்கு நல்ல மருந்தாம், அதனால்தான் அவருக்குத் தங்கத்தின் மேல் அத்தனை பிரியமாம் என்று சாசர் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு சொல்கிறார்.

சரி, இத்தனை மதிப்பான சொல் எப்படிப் பேதி மருந்தாகத் தேய்ந்தது?

அந்தக் கால வைத்தியர்கள் அதிகமாகக் கொடுத்தது அதைத்தான்.

உடம்பில் ரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்று நான்கு நீர்கள் ஓடுகின்றன, அவற்றின் அளவு கெட்டால் நோய் என்பது ஹிப்போகிரட்டீஸ் காலத்திலிருந்து வந்து, ரோமப் பேரரசுக் காலத்துக் கிரேக்க வைத்தியர் கேலன் வளர்த்த கொள்கை. நம்முடைய வாத பித்த கபக் கணக்கைத் தெரிந்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. மிகுந்துபோன நீரை வெளியேற்றினால் உடம்பு சமநிலைக்கு வரும். வெளியேற்ற வழிகள் சிலவே: ரத்தம் எடுப்பது, வாந்திக்குக் கொடுப்பது, வியர்க்க வைப்பது, பேதிக்குக் கொடுப்பது. இவற்றில் கத்தியில்லாமல், ஆளில்லாமல், வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடியது பேதி. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் நோய் இல்லாவிட்டாலும் ஒரு முறை எடுத்துக்கொள்வது வழக்கமாகவே இருந்தது. நம் வீடுகளில் மாதம் ஒரு முறை பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து விளக்கெண்ணெய் புகட்டிய பாட்டிகள் அங்கேயும் இருந்தார்கள்.

'இன்று ஃபிசிக் எடுத்துக்கொண்டேன்' என்று 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் ஒருவர் நாட்குறிப்பில் எழுதினால், அன்று வீட்டை விட்டு வெளியே போகவில்லை என்றும் புரிந்துகொள்ளலாம்.

அந்தப் பேதி மருந்துகளில் என்னதான் இருந்தது?

ருபார்ப் கிழங்கு, கற்றாழைப் பால், மெக்சிகோவின் ஹலாப்பா பக்கத்திலிருந்து வந்த ஜாலப் கிழங்கு, இங்கிலாந்தின் எப்சம் ஊர் நீரூற்றால் பெயர்பெற்ற எப்சம் உப்பு, கலோமல் என்ற பாதரச உப்பு, பிறகு சென்னா இலை.

சென்னா என்று ஏதோ சீமைச் சரக்குப் போலத் தெரிகிறது. நாட்டு மருந்துக் கடையில் நிலவாகை, நிலாவிரை என்று கேட்டால் கொடுப்பது அதுதான். 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியச் சந்தையில் இரண்டு சென்னாக்கள் பேர்போனவை. ஒன்று எகிப்துத் துறைமுகத்தின் பெயரால் அலெக்சாந்திரியா சென்னா. மற்றது 'டின்னவெல்லி சென்னா'. ஆம், நம் திருநெல்வேலி. பழைய திருநெல்வேலிச் சீமையில் விளைந்து தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கப்பலேறியது. மருந்தியல் நூல்களில் அந்தப் பெயர் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. சென்னா இலையையும் எப்சம் உப்பையும் சேர்த்துக் காய்ச்சிய 'கறுப்புக் கஷாயம்' விக்டோரியா காலத்துப் பிள்ளைகளின் சிம்ம சொப்பனம்.

இந்தப் பட்டியலில் ஆபத்தானது கலோமல். அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட வைத்தியர் பெஞ்சமின் ரஷ், கலோமலையும் ஜாலப்பையும் சேர்த்து ஒரு மாத்திரை செய்தார். அதன் வேகத்தைப் பார்த்து ஜனங்கள் அதற்கு 'இடி' என்ற பொருளில் பட்டப்பெயர் வைத்தார்கள். 1804-இல் அமெரிக்காவின் மேற்குப் பகுதியை ஆராயப் புறப்பட்ட லூயிஸ்–கிளார்க் குழு அந்த மாத்திரையில் 50 டஜன் எடுத்துக்கொண்டு போனது. பாதரசம் மண்ணில் மக்கிப்போகாது. மொன்டானாவில் அவர்கள் தங்கிய ஓரிடத்தை, கழிப்பறைக் குழி இருந்த மண்ணில் மிஞ்சியிருந்த பாதரசத் தடயத்தை வைத்துத்தான் பிற்கால ஆய்வாளர்கள் உறுதி செய்தார்கள். பிரிட்டனில் பல் முளைக்கும் குழந்தைகளுக்குக் கொடுத்த பொடியில்கூடக் கலோமல் 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இருந்து, கைகால் சிவந்து வலிக்கும் ஒரு நோய்க்குக் காரணமானது.

குதிரைகளுக்கும் ஃபிசிக் உண்டு. கற்றாழைப் பாலை உருட்டி உருண்டையாக்கித் தொண்டையில் தள்ளுவார்கள். குதிரை லாயப் பேச்சில் இந்தச் சொல் மற்ற இடங்களைவிட நீண்ட காலம் தங்கியது.

ஷேக்ஸ்பியரில் இந்தச் சொல் வரும் இடங்களை எப்படிப் புரிந்துகொள்வது?

தேர்வுக்குப் படிப்பவர்கள் சறுக்கும் இடங்கள் மூன்று.

மெக்பெத் நாடகத்தின் ஐந்தாம் அங்கம். மனைவியின் மனநோய்க்கு மருந்து இல்லையா என்று மெக்பெத் கேட்கிறான். அதற்கு நோயாளிதான் தனக்குத்தானே வைத்தியம் செய்துகொள்ள வேண்டும் என்கிறார் வைத்தியர். உடனே அவன், 'உன் ஃபிசிக்கை நாய்களுக்குத் தூக்கிப் போடு' என்று எரிந்துவிழுகிறான். இங்கே வைத்தியம், மருந்து இரண்டும் பொருந்தும். சில வரிகள் கழித்து அவனே, ருபார்ப்போ சென்னாவோ வேறெந்தப் பேதி மருந்தோ கொடுத்து இந்த ஆங்கிலேயப் படையை நாட்டைவிட்டுக் கழித்து வெளியேற்ற முடியாதா என்று கேட்கிறான். முதல் அச்சில் சென்னா இருக்கும் இடத்தில் வேறு மாதிரி எழுத்துகள் உள்ளன. பல பதிப்பாசிரியர்கள் சென்னா என்றே திருத்திக்கொள்கிறார்கள். ஆக, ஃபிசிக் என்ற சொல்லின் மூன்றாம் பொருளும் அவன் மனதில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

அதே நாடகத்தின் இரண்டாம் அங்கத்தில், விரும்பிச் செய்யும் உழைப்பு வலியை 'ஃபிசிக்ஸ்' என்று ஒரு வரி. இயற்பியலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வினைச்சொல், வலிக்கு மருந்தாகிறது, வலியைத் தணிக்கிறது என்று அர்த்தம்.

மூன்றாவது லியர் அரசனில். புயலில் நனைந்து நிற்கும் கிழ அரசன், ஏழைகள் இப்படித்தானே தினமும் கிடந்தார்கள், நான் கவனிக்கவில்லையே என்று உணர்ந்து, 'ஆடம்பரமே, ஃபிசிக் எடுத்துக்கொள்' என்கிறான். பாடநூல் உரைகள் சில இதை 'மருந்து உட்கொள்' என்று நாகரிகமாக முடித்துவிடுகின்றன. அப்படிச் சொன்னால் பாதி போய்விடும். அடுத்த வரிகளில், உன்னிடம் மிகுந்திருப்பதை அவர்கள் பக்கம் உதறிவிடு என்கிறான். மிகுந்ததை வெளியேற்றுவது பேதி மருந்தின் வேலை. செல்வத்துக்குப் பேதி கொடுக்கச் சொல்கிறான் லியர்.

அப்படியானால் 'பிசிக்ஸ்' எங்கிருந்து வந்தது? இரண்டும் ஒன்றா?

ஒரே வயிற்றுப் பிள்ளைகள், பிறந்த காலம் வேறு. ஃபிசிக் மருத்துவத்துக்குப் போய்விட்டதால், இயற்கையைப் பற்றிய பொது அறிவுக்குப் பெயர் தேவைப்பட்டது. அரிஸ்டாட்டிலின் நூல் கிரேக்கத்தில் பன்மையில் 'இயற்கைப் பொருள்கள்' என்று வழங்கியது. அதைப் பின்பற்றி 16-ஆம் நூற்றாண்டின் இறுதி வாக்கில் ஆங்கிலத்தில் 'பிசிக்ஸ்' வந்தது. கொஞ்ச காலம் இரண்டும் குழப்பிக்கொண்டே இருந்தன.

குழப்பம் கடைசியில் ஆளின் பெயரில் வந்து நின்றது. பிசிக்ஸ் ஆராய்கிறவரை என்ன சொல்வது? ஃபிசிஷியன் என்ற பெயரை வைத்தியர்கள் எடுத்துக்கொண்டாயிற்று. 1840-இல் கேம்பிரிட்ஜின் வில்லியம் ஹியூவெல், அதனால் 'பிசிசிஸ்ட்' என்று ஒரு சொல்லை உருவாக்கினார். மைக்கேல் ஃபாரடேவுக்கு அது பிடிக்கவில்லை. வாய்க்கும் காதுக்கும் சங்கடமான சொல் என்றார். இன்று உலகமே ஃபாரடேயைப் பிசிசிஸ்ட் என்றுதான் சொல்கிறது.

தமிழில் இந்தச் சிக்கல் வரவில்லை. தமிழ்நாட்டில் முன்பு வழங்கியதும் இலங்கையில் 'பௌதிகவியல்' என்று இன்றும் நிற்பதுமான பௌதிகம், 'பூதம்' என்ற சொல்வழி 'ஆதல், உண்டாதல்' என்ற பொருளுள்ள 'பூ' என்ற சமஸ்கிருத வேரில் போய் முடிகிறது. கிரேக்க ஃபுசிஸும் அந்த வேரும் ஒரே மூலம் என்கிறார்கள் மொழிநூலார். 'இயல்' என்பதை வைத்துக் கட்டிய இயற்பியலோ வேறு வேரிலிருந்து கிளம்பி, இயற்கை என்ற அதே பொருளில் வந்து நிற்கிறது.

'ஃபிசிக்கல்', 'ஃபிசீக்' எல்லாம்?

அதே குடும்பம். ஃபிசிக்கல் என்பதற்கு 17-ஆம் நூற்றாண்டில் 'மருந்துக்குரிய' என்ற பொருளும் இருந்தது. லண்டன் ஃபிசிஷியன்கள் லத்தீனில் வைத்திருந்த மருந்துக் குறிப்புத் தொகுப்பை நிக்கலஸ் கல்பெப்பர் 1649-இல் எல்லோரும் படிக்கும்படி ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துப் போட்டார். அதன் தலைப்பில் இருக்கும் ஃபிசிக்கல் மருந்தைத்தான் குறிக்கிறது. கல்லூரிக்காரர்கள் கொதித்துப்போனார்கள். ஃபிசீக், அதாவது உடல்வாகு, பிரெஞ்சிலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் வந்தது.

'சைக்கிக்' என்பதும் இதுவும்?

சம்பந்தமே இல்லை. அது ஆவி, ஆன்மா என்ற பொருளுள்ள வேறு கிரேக்கச் சொல். எழுத்து வடிவில்தான் கண் ஏமாறும்.

'ஃபிசிக் கார்டன்' என்றால்?

மூலிகைத் தோட்டம். மருத்துவ மாணவர்களும் அப்போதிக்கரிகளிடம் தொழில் பழகும் பையன்களும் செடியை நேரில் பார்த்து அடையாளம் கற்றுக்கொள்ள வைத்த தோட்டம். பீசா, பதுவா ஆகிய இத்தாலிய நகரங்களில் 1540-களில் தொடங்கியது. ஆக்ஸ்ஃபோர்டில் 1621, எடின்பரோவில் 1670. பின்னவை இரண்டும் இன்று பொதுவான தாவரவியல் தோட்டங்கள்; பழைய பெயர் போய்விட்டது.

பெயரை விடாமல் வைத்திருப்பது லண்டனின் செல்சி ஃபிசிக் கார்டன். 1673-இல் அப்போதிக்கரிகளின் சங்கம் தேம்ஸ் கரையில் போட்டது. நிலத்தை வாங்கிய வைத்தியர் ஹான்ஸ் ஸ்லோன், 1722-இல் வருஷத்துக்கு 5 பவுண்டு குத்தகைக்கு அதை நிரந்தரமாகக் கொடுத்துவிட்டார். அந்த வருஷம் தோட்டப் பொறுப்புக்கு வந்த பிலிப் மில்லர் சுமார் 50 வருஷம் அங்கே இருந்தார். பாரிஸிலிருந்து வந்த விதையில் அவர் வளர்த்த செடிகளில் ஒன்று மடகாஸ்கர் தேசத்துச் செடி. நம் வீட்டு வாசல்களிலும் சுடுகாட்டு ஓரங்களிலும் பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணி. மில்லர் காலத்தில் அது வெறும் அழகுப் பூ. 1950-களில் அதன் சாற்றிலிருந்துதான் புற்றுநோய்க்கான வின்பிளாஸ்டின் கிடைத்தது. வின்கிரிஸ்டினும் அதே செடி தந்தது.

'ஃபிசிக் நட்' என்று ஒரு கொட்டை இருக்கிறதாமே?

நம் காட்டாமணக்கு. வேலிக்கு வைக்கும் அதே செடி. மத்திய அமெரிக்காவிலிருந்து போர்ச்சுக்கீசியர் வழியாகப் பரவியது. விதையின் எண்ணெய் கடுமையாகப் பேதியாக்கும் என்பதால் அந்த ஆங்கிலப் பெயர். 2003-க்குப் பிறகு பயோடீசல் எடுக்கலாம் என்று மத்திய அரசு ஊக்குவித்து, தரிசு நிலமெல்லாம் நட்டு, எதிர்பார்த்த விளைச்சல் வராமல் போன கதை விவசாயிகளுக்கு நினைவிருக்கும். பெயரில் மருந்து இருக்கிறதே என்று யாரும் விதையைத் தின்று பார்க்க வேண்டாம். அது விஷம்; நிலக்கடலை என்று நினைத்துத் தின்ற பிள்ளைகள் வாந்தி பேதியோடு ஆஸ்பத்திரிக்கு வருவது இன்றும் நடக்கிறது.

'சமையலறை ஃபிசிக்' என்றால் பாட்டி வைத்தியமா?

முழுக்க அப்படி அல்ல. நோயாளிக்குக் கொடுக்கும் சத்தான ஆகாரத்தைக் குறிக்கும்: சூப்பு, கஞ்சி, நல்ல சாப்பாடு. மருந்துக்காரனிடம் போவதைவிட இது மேல் என்ற தொனி அதில் இருக்கும். கலோமலைப் பற்றித் தெரிந்த பிறகு அந்தத் தொனியில் நியாயம் இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

தமிழ் மருத்துவ நூல்களோடு இந்தச் சொல்லுக்கு நேரடித் தொடர்பு உண்டா?

ஒன்று உண்டு. 1847-இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மேற்கத்திய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தவர். அவரும் அவருடைய மாணவர்களும் தமிழாக்கிய நூல்களில் ஒன்று ஹூப்பரின் கையேடு. அதன் ஆங்கிலத் துணைத்தலைப்பில் 'ஃபிசிக்கின் கோட்பாடுகளும் நடைமுறையும்' என்று இருக்கும். 1872-இல் அது தமிழில் 'வைத்தியாகரம்' ஆயிற்று. அறுவை மருத்துவ நூலுக்கு அதற்கு முன்பே 'இரண வைத்தியம்' என்று தனிப் பெயர் வைத்திருந்தார்கள். வைத்தியம் என்றாலே உள்மருந்து, கத்தி எடுத்தால் அதற்குத் தனி அடைமொழி என்ற லண்டன் வழக்கம், ஃபிசிக் என்ற சொல் இல்லாமலே மானிப்பாய்த் தமிழுக்கு வந்துவிட்டது.

டாக்டர் ஃபிசிக் என்று நிஜமாகவே ஒருவர் இருந்தாரா?

பிலடெல்ஃபியாவில் இருந்தார், பிலிப் சிங் ஃபிசிக், 1768–1837. கடைசியில் 'கே' உண்டு. பெயர்ப்பொருத்தம் பிரமாதம், ஆனால் அவர் சர்ஜன். அமெரிக்க அறுவை மருத்துவத்தின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள். 1831-இல் அமெரிக்கத் தலைமை நீதிபதி ஜான் மார்ஷலின் சிறுநீர்ப்பையிலிருந்து ஏராளமான கற்களை எடுத்தவர், மயக்க மருந்து வராத காலத்தில்.

சொல் ஏன் வழக்கொழிந்தது? எங்காவது மிச்சமிருக்கிறதா?

பிசிக்ஸ் வளர்ந்து இடத்தைப் பிடித்துக்கொண்டது என்பது வழக்கமாகச் சொல்லும் காரணம். எனக்கு அது பாதிக் காரணமாகத்தான் படுகிறது. 19-ஆம் நூற்றாண்டில் நான்கு நீர்க் கொள்கை சரிந்தது; நோய்க்குக் கிருமி காரணம் என்று தெரிந்தது; ரத்தம் எடுப்பதும் கழிய வைப்பதும் மதிப்பிழந்தன. அந்தச் சிகிச்சையோடு இத்தனை காலம் ஒட்டிக்கிடந்த சொல்லும் அதனோடே போயிற்று. காதில் விழுந்ததும் பேதி நினைவுக்கு வருகிற ஒரு சொல்லை எந்த நவீன டாக்டர் தன் பெயர்ப்பலகையில் போட்டுக்கொள்வார்? 'மெடிசின்' என்ற சொல்லில் அந்த வாடை இல்லை.

மிச்சம் இருப்பவை பழம்பெருமை இடங்கள். கேம்பிரிட்ஜில் 1540-இல் எட்டாம் ஹென்றி நிறுவிய அரச பேராசிரியர் பதவியின் பெயர் இன்றும் 'ரீஜியஸ் ப்ரொஃபசர் ஆஃப் ஃபிசிக்'. டப்ளின் டிரினிட்டி கல்லூரியிலும் அதே பெயரில் ஒரு பதவி உண்டு. புதிதாகப் படிக்கிறவர்கள் அவர்களை இயற்பியல் பேராசிரியர்கள் என்று நினைத்துக்கொள்வது சகஜம்.

தமிழில் மொழிபெயர்க்கும்போது என்ன போடலாம்?

இடத்தைப் பார்க்க வேண்டும். பட்டம், படிப்பு, தொழில் பற்றிய பேச்சானால் 'வைத்தியம்'. 'மருத்துவம்' தவறில்லை, ஆனால் சாசர் காலத்துக்கு வைத்தியம் கூடுதலாக ஒட்டும். 'ஒரு வேளை', 'கசப்பு', 'விழுங்கினான்' போன்றவை பக்கத்தில் இருந்தால் 'மருந்து'. வசந்த காலம், குழந்தைகள், குதிரை, வெளியே போகாமல் வீட்டில் இருந்தது ஆகியவற்றில் ஒன்று தென்பட்டால் தயங்காமல் 'பேதி மருந்து' என்றே போடுங்கள். நாகரிகம் கருதி 'மருந்து' என்று பொதுவாக எழுதினால், அந்த ஆள் ஏன் நாள் முழுக்க அறையை விட்டு வரவில்லை என்று வாசகர் முழித்துக்கொண்டிருப்பார்.